மூன்று அங்குலம் இறக்கிய கார்

கார் தரையோடு ஒட்டி நின்றால்தான் அழகு என்று பத்து வருஷம் எல்லாரிடமும் சாதித்தவன் நான். அதிலும் பழைய கார். எழுபதுகளில் ஜப்பானிலிருந்து வந்த நாலு கதவுக் கார்கள், குரோம் பம்பர், வட்ட விளக்கு, கையால் சுற்றி இறக்கும் கண்ணாடி. அவை தொழிற்சாலையிலிருந்து வந்த உயரத்திலேயே நின்றால் எனக்குப் பொறுக்காது. வேட்டியை முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டிக்கொண்டு கல்யாண வீட்டுக்கு வந்த ஆளைப் போல இருக்கும். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் தெரிகிற வெற்றிடம் இருக்கிறதே, அதைப் பார்த்தாலே கை அரிக்கும். இப்போது யாராவது இந்தப் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுகிறேன். ஏன் என்று கேட்டால் சொல்வதில்லை. இங்கே சொல்லிவிடுகிறேன்.

ஜொகூர் மாநிலத்தில், யோங் பெங் ஊரில் நெடுஞ்சாலையிலிருந்து இறங்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு கோப்பிக்கடை இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கேதான் எங்கள் கூட்டம். தமிழர், சீனர், மலாய்க்காரர் என்று பதினைந்து இருபது பேர், எல்லாரும் நரைக்க ஆரம்பித்தவர்கள், எல்லாரிடமும் ஒரு பழைய கார். எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. கார் ஒன்று வந்து நின்றால் கோப்பி குடிக்கிறவன் எழுந்து போய் டயருக்கு மேலே விரலை விட்டுப் பார்ப்பான். இரண்டு விரல் நுழைந்தால் பரவாயில்லை. ஒரு விரல் என்றால் அன்றைக்கு அவன்தான் ராஜா. முழுக் கையும் நுழைந்துவிட்டால் தீர்ந்தது, அந்த மனுஷனைப் பொழுதெல்லாம் வைத்துச் செய்வார்கள். நானும் செய்திருக்கிறேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

அந்தக் காரை நான் முதலில் பார்த்தது சிகாமட்டில், ஒரு பழைய வீட்டின் முன்கூடாரத்துக்குக் கீழே. பாலாடை நிறம். உள்ளே வானநீலத்தில் இருக்கை. ஒரு கீறல் கிடையாது, ஒரு துரு கிடையாது. வீட்டுக்காரர் யாழ்ப்பாணத்துப் பரம்பரை, அரசாங்க உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். எண்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். நான் அவரை அங்கிள் என்றும் அவர் மனைவியை ஆன்ட்டி என்றும் கூப்பிட ஆரம்பித்தேன், கார் மேல் இருந்த ஆசையில். மூன்று வருஷம் அந்த வீட்டுக் கேட்டைத் தட்டினேன். ஒவ்வொரு முறையும் அவர் ஒரே பதிலைத்தான் சொல்வார்.

"விக்கிற எண்ணம் இல்லை தம்பி. வந்தது வந்தீங்கள், தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ."

தேத்தண்ணீர் குடித்துவிட்டு வயிறெரிந்து திரும்பி வருவேன்.

நாலாவது வருஷம் அவரே போன் செய்தார். கண் பார்வை மங்கிவிட்டது, இனிமேல் ஓட்டக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். காரைத் தருகிறேன், ஆனால் ஒரு ஏற்பாட்டோடு தருகிறேன், நேரில் வாருங்கள் என்றார். நான் அன்றைக்கு லீவு போட்டேன். சிங்கப்பூரில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரம் பழுது பார்க்கிற வேலை எனக்கு. சொந்த மாமனார் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது லீவு போட யோசித்தவன், காருக்காகப் போட்டேன் என்று என் மனைவி இன்னும் சொல்லிக் காட்டுவாள்.

ஏற்பாடு இதுதான். ஆன்ட்டிக்கு ஸ்ட்ரோக் வந்து வலது பக்கம் விழுந்திருந்தது. பேச்சும் போய்விட்டது. ஒரு சொல், இரண்டு சொல், அதுவும் நெடுநேரம் தேடினால்தான் வாயில் வரும். ஆனாலும் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை அவர் சர்ச்சுக்குப் போகாமல் இருந்ததில்லை. அதற்கு இந்தக் கார்தான் காரணம். சக்கர நாற்காலியும் இந்தக் காரின் முன் இருக்கையும் ஒரே உயரம். வழவழவென்று இழைத்த ஒரு பலகை வைத்திருந்தார்கள். அதன் ஒரு முனையை நாற்காலியிலும் மறு முனையை இருக்கையிலும் வைத்து, மேலே கொஞ்சம் முகப்பவுடர் தூவிவிட்டால், ஆன்ட்டி இடது கையை ஊன்றி ஊன்றித் தானே நகர்ந்து உள்ளே போய்விடுவார். வருவதும் அப்படியே. மகளுடைய கார் மலை மாதிரி உயரம். வாடகைக் கார்கள் எல்லாம் பள்ளம்.

"வீட்டுக்கு வந்த பிறகு இவளை ஒருத்தரும் தூக்கினதில்லை தம்பி," என்றார் அங்கிள். "ஆஸ்பத்திரியில தூக்கினது போதும் எண்டு சொல்லிப்போட்டாள். அதனால இந்தப் பலகை. மாசத்தில ஒரு நாள் வந்து எங்களைக் கொண்டுபோய்க் கொண்டுவந்து விட்டீங்கள் எண்டால் போதும். கார் உங்கட."

"அதுக்கென்ன அங்கிள், கண்டிப்பா," என்றேன். அவர் வாயிலிருந்து கார் உங்கட என்ற சொல் வந்ததற்குப் பிறகு என் காதில் வேறு எதுவும் ஒழுங்காக விழவில்லை.

முதல் மாதம் கூட்டிப் போனேன். நான் கோயிலுக்கே ஒழுங்காகப் போகாதவன், சர்ச்சில் என்ன செய்வது என்று தெரியாமல் கடைசி வரிசைக்குப் பின்னால் சுவரோரம் நின்றேன். பாட்டு ஆரம்பித்தது. முன்னால் நடைபாதை ஓரத்தில் நாற்காலியில் இருந்த ஆன்ட்டி பாடினார். தண்ணீர் என்ற சொல்லைக்கூட அரை நிமிஷம் தேடுகிறவர், நாலு சரணத்தையும் வரி தவறாமல், எடுப்பான குரலில் பாடினார். வெளியே வந்ததும் அங்கிளிடம் கேட்டேன்.

"பேச்சுத்தான் போச்சு, பாட்டுப் போகேல்லை," என்றார் அவர். "டாக்டரும் அப்படி நடக்கும் எண்டவர். வீட்டில பாடச் சொன்னால் வராது. எல்லாரும் சேர்ந்து பாடினால்தான் அவளுக்கு வருது. அந்த ஒரு மணி நேரம்தான் அவள் பழைய ஆள்."

எட்டு மாதம் ஒழுங்காகப் போனேன். அதில் எனக்கு ஒரு பெருமையும் இருந்தது. மற்ற மூன்று ஞாயிறுகளில் கோப்பிக்கடைக்குப் போனேன், அங்கேதான் என் பெருமை கப்பலேறியது.

"அண்ணே, மட்கார்டுக்குள்ள கோழி அடை வைக்கலாம் போலயே," என்றான் கூட்டத்தில் ஒருவன், முழங்கை வரைக்கும் கையை உள்ளே விட்டு. எல்லாரும் சிரித்தார்கள். அடுத்த வாரம் அதே ஆள் உண்மையாகவே ஒரு முட்டையைக் கொண்டுவந்து டயர் மேல் வைத்தான். நானும் சிரித்தேன். பத்து வருஷம் மற்றவர்களை நான் செய்தது எனக்கே திரும்பி வந்தபோது சிரிக்காமல் என்ன செய்வது. ஆனால் உள்ளே வெந்துகொண்டிருந்தது. இவ்வளவு நல்ல காரை வைத்துக்கொண்டு எஸ்டேட் டிராக்டரில் வந்தவன் மாதிரி நிற்கிறேனே என்று.

அந்தச் சமயத்தில்தான் குளுவாங்கில் பழைய கார்களின் பெரிய கூட்டம் ஒன்று வந்தது. ஒரு சனிக்கிழமை. அதற்குள் காரை இறக்கிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். அந்தக் காருக்குப் பின்னால் பட்டை ஸ்பிரிங், நடுவில் ஒரு கட்டையை வைத்தால் இறங்கும், எடுத்தால் பழையபடி ஏறிவிடும். முன்னால் சுருள் ஸ்பிரிங். அதற்கு ஜப்பானிலிருந்து குட்டை ஸ்பிரிங் வரவழைக்கலாம், இரண்டு மாதம் ஆகும். அவசரம் என்றால் இருக்கிறதை வெட்ட வேண்டியதுதான். ஒர்க்‌ஷாப் வைத்திருந்த சீன நண்பர் வெட்டும் கருவியைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"வெட்டினா திரும்ப ஒட்ட முடியாது, தெரியும்லா," என்றார் மலாயில். "இந்த மாடலுக்குப் பழைய உயரத்து ஸ்பிரிங் இனி எங்கேயும் கிடைக்காது. அடுத்த மாசம் வந்து அழக்கூடாது."

"போத்தோங் லா," என்றேன். வெட்டு என்று.

ஆன்ட்டியைப் பற்றி நினைக்கவே இல்லை என்று சொன்னால் என் வாய் அழுகிப் போகும். நினைத்தேன். மூன்று அங்குலம்தானே, பலகை கொஞ்சம் சரியும், அவர் இன்னும் சுலபமாகத்தான் வழுக்கிக்கொண்டு உள்ளே போவார் என்று கணக்குப் போட்டேன். உள்ளே போவது மட்டும்தான் என் கணக்கில் வந்தது. வெளியே வருவது வரவில்லை. வேலையில் அரை மில்லிமீட்டர் தள்ளியிருந்தால் இயந்திரத்தை நிறுத்தச் சொல்லிச் சண்டை போடுகிறவன் நான். அந்த மண்டை அன்றைக்கு எங்கே போயிருந்தது என்று தெரியவில்லை. அங்கிள் மாற்றக்கூடாது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்றும் ஒரு சமாதானம் வைத்திருந்தேன். சொல்ல வேண்டும் என்றே அவருக்குத் தோன்றியிருக்காது. நல்ல காரை ஒருவன் வெட்டுவான் என்று அவர் கண்டாரா?

குளுவாங்கில் என் கார் புல் தரையில் நின்றதைப் பார்த்து நானே இரண்டு தரம் சுற்றி வந்தேன். மட்கார்டின் விளிம்பு டயரைத் தொட்டும் தொடாமலும் நின்றது. கூரையிலிருந்து பின்பக்கம் வரைக்கும் ஒரே கோடாக வழிந்தது. கோழி அடை வைக்கலாம் என்றவன் விரலை விட்டுப் பார்த்தான், ஒரு விரலுக்கு மேல் நுழையவில்லை. என் தோளில் தட்டினான். யார் யாரோ வந்து குனிந்து படம் எடுத்தார்கள். அன்று போல் நான் சந்தோஷமாக இருந்த நாள் குறைவு.

மறுநாள், மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை.

சிகாமட் வீட்டு வாசலில் ஆன்ட்டி வெளிர்நீலச் சேலை கட்டி, தலை வாரி, நாற்காலியில் தயாராக இருந்தார். கார் உள்ளே வந்ததுமே அவர் பார்வை சக்கரங்களுக்குப் போனதை நான் கண்ணாடி வழியே பார்த்தேன். அங்கிளுக்கு அது தெரியவில்லை. அவர் எப்போதும் போல நடந்து வந்து காரின் கூரையைப் பிடிக்கக் கையை நீட்டினார். கூரை இருக்க வேண்டிய இடத்தில் கூரை இல்லை. கை காற்றில் ஒரு முறை துழாவிவிட்டுக் கீழே இறங்கி அதைக் கண்டுபிடித்தது.

"காத்து இறங்கிப் போச்சோ தம்பி?" என்றார்.

"இல்ல அங்கிள், ஸ்பிரிங் மாத்துனேன். கொஞ்சம் இறக்கிருக்கேன். ஒண்ணும் இல்ல."

அவர் பலகையை வைத்தார். அது முன்பு மேசை மாதிரி நிற்கும், இப்போது சரிந்து நின்றது. ஆன்ட்டி கையை ஊன்றி ஒரு முறைதான் நகர்ந்தார், பவுடர் தூவிய பலகையில் சர்ரென்று போய் இருக்கையில் மோதி விழுந்தார். ஒரு சின்ன சத்தம் வந்தது, அவ்வளவுதான். இடுப்பைப் பிடித்துக்கொண்டு, ஒன்றுமில்லை என்பது போல இடது கையை ஆட்டினார். என் கணக்கு சரிதான் என்று அப்போதும் நினைத்தேன்.

சர்ச் வாசலில்தான் உறைத்தது. பலகை இப்போது மேட்டைப் பார்த்து நின்றது. ஆன்ட்டி ஊன்றினார், ஒரு அங்குலம் ஏறினார், பவுடரில் வழுக்கித் திரும்ப இருக்கைக்கே வந்தார். மறுபடியும். மறுபடியும். மூன்றாவது முறை நெற்றியில் வேர்வை பூத்துவிட்டது. உள்ளே மணி அடித்தது. சர்ச்சுக்கு வந்த இரண்டு ஆண்கள் உதவிக்கு ஓடி வந்தார்கள், நல்ல மனசோடுதான். ஒருவர் கக்கத்தில் கை கொடுத்தார், ஒருவர் காலைப் பிடித்தார். சேலை முழங்காலுக்கு மேலே சுருண்டு போனது. படிக்கட்டில் நின்ற அத்தனை பேரும் பார்த்தார்கள். ஆன்ட்டி இடது கையால் சேலையைப் பிடித்து இழுத்துக்கொண்டே, தேடாமல், உடனே வந்த ஒரு சொல்லைச் சொன்னார்.

"வேண்டாம்."

விட்டுவிட்டார்கள். அங்கிள் என்ன நடக்கிறது என்று முழுதாகத் தெரியாமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவரை உள்ளே போகச் சொல்லி ஆன்ட்டி கையைக் காட்டினார். அவர் போகவில்லை. நாங்கள் மூவரும் அந்த வெயிலில், கார் கண்ணாடியை இறக்கிவிட்டு, சர்ச்சுக்கு வெளியே இருந்தோம். பாட்டு ஆரம்பித்தது. சன்னல் திறந்திருந்ததால் ஒவ்வொரு வரியும் தெளிவாகக் கேட்டது. ஆன்ட்டி இப்போது பாடுவார் என்று நான் காத்திருந்தேன். அவர் வாயை இறுக்கி மூடிக்கொண்டு டாஷ்போர்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நாலு பாட்டு. ஒன்றுக்கும் உதடு அசையவில்லை. நிலம் பிளந்து நான் உள்ளே போய்விட மாட்டேனா என்றிருந்தது.

வீட்டில் அவரை நான்தான் தூக்கி இறக்கினேன். வேறு வழி இல்லை. என் கழுத்தைச் சுற்றி அவர் கை கிடந்தது, முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார். அங்கிள் நன்றி சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அடுத்த மாதத்துக்குள் ஸ்பிரிங்கை மாற்றிவிடுகிறேன் என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். ஏதாவது கேலி செய்வாள் என்று நினைத்தேன். அவள் சமைத்துக்கொண்டிருந்த அடுப்பை அணைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"ஒரு பொம்பளைய அத்தன பேரு முன்னால வச்சுத் தூக்க விட்டிருக்கீங்க. அதுவும் ஒரு ஷோவுக்காக," என்றாள். "போய் ஸ்பிரிங்கத் தேடுங்க."

தேடினேன். வீட்டில் கிடந்த ஜப்பான் பழைய சாமான் பட்டியல்களை எல்லாம் அலசினேன். ஜொகூர் முழுக்கப் பழைய இரும்புக் கடைகளில் ஏறி இறங்கினேன். வேறு மாடலின் ஸ்பிரிங்கைப் போட்டுப் பார்த்தோம், கார் ஒரு பக்கம் சாய்ந்துகொண்டு நின்றது. ஒர்க்‌ஷாப் நண்பர் அழக்கூடாது என்று சொன்னதை நினைவுபடுத்தவில்லை, அவருக்குக் கோடி புண்ணியம். மாதம் தவறாமல் முதல் ஞாயிறுக்கு முந்திய வெள்ளிக்கிழமை அங்கிள் போன் செய்வார். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே சொல்லிவிடுவார்.

"இந்த மாசம் வேண்டாம் தம்பி. ஆன்ட்டிக்கு உடம்பு அலுப்பா இருக்கு. உங்களுக்கும் அலைச்சல்."

எனக்குச் சங்கடம் வேண்டாம் என்று அவர் அப்படிச் சொன்னார். நான் அதைப் பிடித்துக்கொண்டேன். காரைச் சரிசெய்யாமல் அங்கே போய் எந்த முகத்தோடு நிற்பது என்று நினைத்தேன். காரில்லாமல், பஸ் ஏறியாவது போய் அவர்கள் கூடத்தில் உட்கார்ந்து ஒரு தேத்தண்ணீர் குடித்திருக்கலாம். அது எனக்குத் தோன்றவே இல்லை. என் மூளை ஸ்பிரிங்கிலேயே இருந்தது.

ஆறாவது மாதம் கிடைத்தது. காஹாங்கில் செம்பனைத் தோட்டத்துக்கு நடுவில் ஒரு வீடு, அதன் பின்னால் அதே மாடல் கார், பாதி புல் மூடிக் கிடந்தது. வீட்டுக்காரர் அதற்குள் உரமூட்டை அடுக்கி வைத்திருந்தார். மூட்டைகளை இறக்கி, மண்ணைத் தோண்டி, அந்த இரண்டு ஸ்பிரிங்கையும் நானே கழற்றி எடுத்தேன். துருவைச் சுரண்டி, சாயம் பூசி, மாட்டியாயிற்று. கார் பழைய உயரத்துக்கு ஏறி நின்றது. கோப்பிக்கடைக்குக் கொண்டு போகவில்லை. அளவு நாடாவை வைத்து இருக்கையின் உயரத்தை ஐந்து முறை அளந்தேன்.

அந்த முதல் ஞாயிற்றுக்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் சிகாமட்டுக்குப் போனேன். அங்கிள் மட்டும் வாசலுக்கு வந்தார். சக்கர நாற்காலி கூடத்து மூலையில் துணி போட்டு மூடியிருந்தது. காரைப் பழையபடி ஆக்கிவிட்டேன், இப்போதே கிளம்பினால் பாட்டுக்குப் போய்விடலாம் என்றேன். மூச்சு வாங்கச் சொன்னேன். அவர் என்னை உட்கார வைத்தார்.

"அவள் எழும்பி இருக்கிறதில்லை தம்பி," என்றார். "முந்தி ஒவ்வொரு நாளும் காலமை பலகையை வைச்சுக் கட்டிலுக்கும் நாற்காலிக்கும் போய்வந்து பழகுவாள். முதலாம் ஞாயிறுக்கெண்டு பழகினது. பிறகு, போறதுக்கு இடமில்லை, எதுக்கெண்டு விட்டிட்டாள். ரெண்டு மாசம் விட்டதும் முதுகு நிக்கிறதில்லை. இப்ப போதகர்தான் வீட்டுக்கு வாறார். நானும் அவருமாப் பாடிப் பாக்கிறம், அவளுக்கு வரேல்லை."

"நீங்க போன்ல சொல்லவே இல்லையே அங்கிள்."

"சொல்லி என்ன தம்பி."

உள்ளே கூட்டிப் போனார். ஆன்ட்டி பாதியாகியிருந்தார். கட்டில் சன்னலோரம் கிடந்தது, அங்கிருந்து பார்த்தால் வாசலில் நின்ற கார் தெரியும். நான் பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தேன்.

"மன்னிச்சிருங்க ஆன்ட்டி. நான் செஞ்சது தப்பு," என்றேன். எனக்கு அழுகை வந்தது, மறைக்கவில்லை.

அவர் என்னையே பார்த்தார். கோபம் இருந்தால் நன்றாக இருந்திருக்கும், இல்லை. ஏதோ கேட்க வாயெடுத்தார். சொல் வரவில்லை. இடது கையைத் தூக்கிச் சன்னலுக்கு வெளியே காரைக் காட்டினார், பிறகு அதே கையைத் தரையை நோக்கித் தாழ்த்திக் காட்டினார். அங்கிளுக்கு அது தெரியவில்லை, எனக்குத் தெரிந்தது. காத்திருந்தேன். வெகுநேரம் ஆயிற்று.

"வடிவா... இருந்ததோ?" என்றார்.

இல்லை என்று சொல்ல எவ்வளவோ முயன்றேன்.

"இருந்துச்சு ஆன்ட்டி," என்றேன். "ரொம்ப அழகா இருந்துச்சு."

அவர் தலையை மெல்ல ஆட்டிவிட்டு, போர்வையை இழுத்துக் காலை மூடிக்கொண்டார்.